உஸ்

இரவு இரண்டேகாலுக்குப் பிரிம்லி வீதி
கொஞ்சம் வாயை மூடும்.
அந்த இடைவெளிக்குத்தான் எனக்குச் சம்பளம்.

டாரில் வண்டியை அணைத்துவிட்டு
மூச்சையும் அணைத்தவன்போல் இருப்பான்.
தீயணைப்புக் குழாயின் தலையில்
இரும்புக் கோலை ஊன்றி
மறுமுனையைக் காதெலும்பில் வைப்பேன்.
மைனஸ் பதினெட்டு. தோல் ஒட்டிக்கொள்ளும்.
பிய்த்துக்கொண்டு வந்த நாளும் உண்டு.

முதலில் வருவதெல்லாம் குப்பை:
மின்மாற்றியின் ம்ம்ம்,
பூட்டிய டோனட் கடைக்குள் விழித்திருக்கும் குளிர்பெட்டி,
இரண்டு தெரு தள்ளி
உப்பு லொறி நறநறவென்று பல்லைக் கடிப்பது,
என் ஜாக்கெட் என் ஜாக்கெட்டில் உரசுவது,
டாரிலின் வயிறு.
ஒவ்வொன்றாய்ப் பெயர் சொல்லி அனுப்ப வேண்டும்,
கலியாண மண்டப வாசலில் நின்று
வந்தவர்களை வழியனுப்புவதுபோல்.
எல்லோரும் போனபின்
கவிழ்த்த கதிரைகளுக்கு நடுவே
ஒருவர் எழும்பாமல் இருப்பார்.
அவர்தான் கசிவு.

அது சொல்வது 'உஸ்'.
சலசல இல்லை. களகள இல்லை.
பள்ளியில் பாடமாக்கிய இரட்டைக்கிளவி
எதுவும் அதற்குப் பொருந்தாது.
ஆறடி மண்ணுக்குக் கீழே
உதட்டில் விரல் வைத்த யாரோ
எங்களை அடக்குகிறார்கள்.
உஸ்.

படிவத்தில் மூன்று பெட்டிகள்:
குறைவு, நடுத்தரம், அதிகம்.
நடுத்தரத்தில் ஒரு கோடு.
தாரில் நீலச் சாயத்தால் ஓர் அம்பு.
விடிந்தால் தோண்டுகிறவர்கள் வருவார்கள்.
பெரும்பாலும் சரியாக இருக்கும்.
போன மாதம் ஒரு வெறுங்குழி,
இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

வருடத்துக்கொருமுறை என் காதையும் தோண்டிப் பார்ப்பார்கள்.
பெட்டிக்குள் இருத்தி,
சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கு என்பார்கள்.
இம்முறை நாலு தடவை கூடுதலாக அமுக்கிவிட்டேன்.
"அந்த இடத்தில் ஒன்றும் இல்லையே" என்றாள் அந்தப் பெண்.
இருந்தது.
கழுத்து நரம்பில் என் இரத்தம் படியேறியது.
சொல்லவில்லை. வேலை முக்கியம்.

நான் இருப்பது பேஸ்மென்டில்.
மேலே ராம்தீன் தம்பதி, கயானாக்காரர்.
முகம் பார்த்துப் பேசியது பத்துத் தடவை தேறாது.
செருப்பால்தான் பழக்கம்:
முன்னே ஒரு சர, பின்னே ஒரு சர.
ஐந்தே முக்காலுக்குக் கேத்தில்.
பிறகு இரண்டு கதிரைகள்,
ஒன்று முனகும், ஒன்று கிறீச்சிடும்.

ஒன்பது நாளாய் ஒற்றைச் சர.
முனகல் மட்டும். கிறீச் இல்லை.

இரட்டைக்கிளவி பிரித்தால் பொருள் தராது
என்று எழுதி முழுப் புள்ளி வாங்கியவள் நான்.
படுத்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்,
அது பொருள் தந்துகொண்டே இருக்கிறது.

இன்று வேலை முடிந்து வந்து
ஒரு சப்பாத்தைக் கழற்றியிருந்தேன்.
மேலே குழாய் திறந்தது.
பாத்திரம் நிறைய நிறையத் தண்ணீரின் குரல் மேலேறும்,
யாருக்கும் தெரியும்.
இது ஏறவில்லை.
பாத்திரமே இல்லை.
ஏழு நிமிடம். பன்னிரண்டு.

கழற்றிய சப்பாத்தை மறுபடி போட்டேன்.
பதினான்கு படி. கதவில் இரண்டு தட்டு.
"கீழே தண்ணீர் வேகம் குறைவு" என்றேன், பொய்.
"சுடுதண்ணி வரட்டும் என்று விட்டேன்" என்றார்.
வந்து எவ்வளவு நேரமோ,
அவருக்குப் பின்னால் ஜன்னல் முழுக்க ஆவி.
"சுமின்த்ரா ஆஸ்பத்திரியில்" என்றார்,
"நாலாம் மாடி",
ஏதோ அந்த மாடி எண்தான் செய்தி என்பதுபோல்.

போய்க் குழாயை மூடினார்.
அதன் கழுத்தில் மீந்த ஒரு சொட்டு
விழலாமா என்று யோசித்தது.
எனக்கும் சொல்ல ஒன்றும் இல்லை.
தேயிலைப் பேணியைத் திறந்தார்,
மூடினார், திறந்தார்.

பிறகு எனக்காக அந்த மற்றக் கதிரையை இழுத்தார்.
மேலே நின்று கேட்க
அது வேறு சத்தமாக இருந்தது.